மின்காரைத் தேர்தல்: பேசாலை வழிகளை முன்வைத்து

ஊர்தி வாங்கக் கருதுவோர் முதற்கண் ஆராயவேண்டியது ஊர்தியையன்று. தாம் சென்று திரும்பவேண்டிய வழியையே. பெற்றோலால் இயங்கும் காரைப் பொறுத்தமட்டில் இவ்வுண்மை அத்துணை வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. வழியிடையே எண்ணெய் குறைந்தால் அடுத்த நிலையத்தில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு செல்லலாம். மின்காரின் நிலை வேறு. அதன் மின்கலங்களை நிரப்ப நேரம் வேண்டும். நிரப்புதற்குரிய இடமும் வேண்டும். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்வோர்க்கு இவ்விரண்டும் பெரிய குறையன்று. மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள பேசாலையில் வாழும் குடும்பத்துக்கோ இவையே முதல் வினாவாகின்றன.

இவ்வினா இப்பொழுது எழுந்தமைக்குக் காரணம் உண்டு. 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எவரும் மறந்திலர். மீன்பிடிப் படகுக்கு மண்ணெண்ணெய் இன்றியும், பாடசாலைக்குச் செல்ல மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இன்றியும் இடர்ப்பட்ட ஊர்களுள் பேசாலையும் ஒன்று. 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை, 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன்பின் சீனாவிலிருந்து புதிய மின்கார்கள் வந்திறங்கின. பழைய யப்பானியக் கார்களும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆசிரியர் ஒருவரின் வாழ்நாட் சேமிப்போ, கடல்கடந்து வாழும் மகன் அனுப்பிய பணமோ இவற்றுள் ஒன்றில் முடங்கப்போகின்றது. தவறான தேர்வைத் திருத்த இரண்டாம் முறை பணம் கிடைப்பது அரிது.

மின்கார் புதிய கண்டுபிடிப்பு என்று பலர் கருதுவர், அது பிழை. 1897 இலேயே இலண்டன் தெருக்களில் மின்னால் இயங்கும் வாடகை வண்டிகள் ஓடின. கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தைத் தொடக்கும் தொல்லை 1912 இல் மின்தொடக்கியால் நீங்கியபின், மலிந்த எண்ணெயின் துணையோடு பெற்றோற் கார் முந்திக்கொண்டது. ஈயமும் அமிலமும் கொண்ட பழைய மின்கலத்தின் பாரமே மின்காரை வீழ்த்தியது எனலாம். 1991 இல் விற்பனைக்கு வந்த இலிதியம் மின்கலமே அதனை மீட்டது. அதற்கு வழிவகுத்த குட்இனஃப், விற்றிங்காம், யொசினோ ஆகிய மூவர்க்கும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபெற் பரிசு வழங்கப்பட்டது.

மாதிரிகளை ஒப்பிடுமுன் இரண்டு அளவுகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். கிலோவாற்று என்பது வலுவின் அளவு. கிலோவாற்றுமணி என்பது சத்தியின் அளவு. கிணற்றிலிருந்து நீர் எத்துணை விரைவாக வெளிவருகின்றது என்பது முன்னையது போன்றது. தொட்டியில் எத்துணை நீர் உள்ளது என்பது பின்னையது போன்றது. மின்பட்டியலில் ஓர் அலகு எனப்படுவது ஒரு கிலோவாற்றுமணியே. வாங்குவோர்க்கு இன்றியமையாதது தொட்டியின் அளவு. ஆயினும் இலங்கையில் மின்காரின் தீர்வை மோட்டாரின் வலுவைப் பொறுத்தே கணிக்கப்படுகின்றது. ஆதலின் ஒரே தோற்றமுடைய கார், வலு குறைந்த மோட்டாருடன் இங்கு வருதலும் உண்டு. ஒரு வகைக் கார்களின் மோட்டார் 100 கிலோவாற்றா, 150 கிலோவாற்றா என்ற ஐயம் 2025 இல் சுங்கத்தின் முன் எழுந்து, நீதிமன்றம் வரை சென்றது. வலு குறைந்த மோட்டாரால் பேசாலையாருக்கு இழப்பு ஏதுமில்லை என்பது வேறு செய்தி. மலையேற்றம் அறியாத மன்னார் வீதிக்கு 100 கிலோவாற்றே மிகுதி.

இனி, விற்பனையாளர் கூறும் தூரத்தை ஆராய்வோம். ஒருமுறை நிரப்பிய மின்கலத்தால் கார் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது வீதியில் அளக்கப்படுவதன்று. ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓடவிட்டு, ஒரு குறித்த ஒழுங்கின்படி அளக்கப்படுவது. யப்பான், ஐரோப்பா, சீனா, அமெரிக்கா ஆகியவை தத்தமக்கு வெவ்வேறு ஒழுங்கு வைத்துள்ளன. யப்பானின் பழைய ஒழுங்கில் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரையும் எட்டாது. தோக்கியோ நகர நெரிசலுக்கே அது பொருந்தும். விளைவு யாதெனின், 2010 இல் அறிமுகமான நிசான் லீஃப் யப்பானில் 200 கிலோமீற்றர் எனவும், அமெரிக்காவில் 117 கிலோமீற்றர் எனவும் மதிப்பிடப்பட்டது. கார் ஒன்றே, மின்கலமும் ஒன்றே, எண்கள் இரண்டு. பழைய கதை இதுவெனத் தள்ளிவிடுதல் இயலாது. பீவைடீ நிறுவனத்தின் அற்றோ 3 என்னும் காரின் சிறிய மின்கல வகைக்கு ஐரோப்பாவின் பழைய ஒழுங்கின்படி 410 கிலோமீற்றரும், 2017 முதல் அங்கு நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்கின்படி 345 கிலோமீற்றரும் கூறப்படுகின்றன. பெரிய வகைக்கு முறையே 480 உம் 420 உம் ஆகும். விளம்பரத்தில் எது பெரிய எழுத்தில் அச்சிடப்படும் என்பதை வாசகரே அறிவர். எனவே எண்ணைக் கேட்குமுன் எந்த ஒழுங்கின் எண் என்று கேட்டல் வேண்டும்.

ஆய்வுகூடத்திற் காற்று வீசுவதில்லை. மன்னாரிலோ காற்றே பெருஞ் செல்வம். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாற்று வலுவுள்ள தம்பபவனி மின்னிலையம் 2020 திசம்பரில் தொடக்கப்பட்டமைக்கு அக்காற்றே காரணம். அக்காற்றுத்தான் மின்காரின் தூரத்தையும் வெட்டுகின்றது. வண்டிக்கு எதிராகக் காற்றுத் தரும் தடை, காற்றைச் சார்ந்த வேகத்தின் வருக்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 60 கிலோமீற்றரில் செல்லும் காரை 30 கிலோமீற்றர் வேகக் காற்று எதிர்ப்பின், கார் 90 கிலோமீற்றரில் செல்வதற்கு ஒப்பான தடையை அடையும். அஃதாவது இரண்டேகால் மடங்கு. ஆடி மாதத்தில் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்வோர்க்குத் தென்மேல் காற்று முதுகுக்குப் பின்னிருந்து உதவும். மீளும்போது முகத்துக்கு நேரே வந்து எதிர்க்கும். போகும்போது மீந்த மின்னைக் கண்டு மகிழ்ந்தவர், வரும்போது வெள்ளாங்குளத்தில் நின்று வருந்த நேரும்.

பேசாலையாரின் வழிகள் யாவை? நாளாந்த வழி மன்னார் நகரம். போய்த் திரும்பினால் ஏறத்தாழ 35 கிலோமீற்றர். தலைமன்னார் இன்னும் அண்மை. சிவராத்திரிக்குத் திருக்கேதீசுவரம், ஆவணித் திருநாளுக்கு மடு என்பனவும் போய்த் திரும்ப 150 கிலோமீற்றருக்குள் அடங்குவன. இவ்வளவே தேவையெனின் இக்கட்டுரைக்கு இடமில்லை. நல்ல மின்கலமுள்ள எந்தக் காரும் போதும். ஆனால் வவுனியா போய்த் திரும்ப ஏறத்தாழ 200 கிலோமீற்றர். சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணம் அண்மித்தது. எனினும் போய்த் திரும்ப 280 கிலோமீற்றரளவில் ஆகும். திருமணத்துக்கும் கடைவீதிக்கும் மட்டும் அவ்வழி செல்வதில்லை. மன்னார் மாவட்ட வைத்தியசாலையில் இயலாத சிகிச்சைக்கு நோயாளர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லவேண்டியுள்ளது. அவர் பின்னே உறவினரும் செல்லவேண்டியுள்ளது. அந்த அழைப்பு நள்ளிரவில் வரும். கார் அப்பொழுது பாதி மின்னுடன் நிற்கும். வழியிலே மின்னேற்ற நிலையம் உளதாயினும், அது அவ்வேளை இயங்குமா, அங்குள்ள செருகி நம் காருக்குப் பொருந்துமா என்பன நம் கையில் இல்லை.

ஒப்பீட்டுக்கு ஒரு கணக்கு வேண்டும். ஐரோப்பாவின் புதிய ஒழுங்கு தரும் தூரத்தில் குளிரூட்டிக்கும் காற்றுக்கும் நூற்றுக்குப் பதினைந்து கழிக்க. எஞ்சியதில் இன்னொரு பதினைந்தைக் கைக்காவலாக ஒதுக்குக. மிகுவதே நம்பிச் செல்லத்தக்க தூரம். இது கடுமையான கணக்கு என்பர் சிலர். இரவிற் காட்டுவழியில் நிற்பதைவிடக் கடுமையன்று. இதன்படி, 60.48 கிலோவாற்றுமணி கொண்ட பெரிய அற்றோ 3 புதிதாயிருக்கையில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தரும்; யாழ்ப்பாணம் போய் மீளலாம். 49.92 கிலோவாற்றுமணி கொண்ட சிறிய வகை 250 அளவில் நின்றுவிடும். வவுனியாவுக்கு ஐயமின்றிப் போதும், யாழ்ப்பாணத்துக்கு அங்கே சிறிது ஏற்றிக்கொள்ளல் வேண்டும். அந்நிறுவனத்தின் டொல்பின் என்னும் சிறிய காரும், 44.9 கிலோவாற்றுமணி வகையில், ஏறத்தாழ அதே தூரம் தருவது. உருவிற் சிறியதாதலின் குறைந்த சத்தியில் ஓடுகின்றது. 2022 இல் இந்தியாவில் அறிமுகமான டாட்டா தியாகோ மின்காரின் பெரிய வகை 24 கிலோவாற்றுமணி கொண்டது. இந்திய ஒழுங்கின்படி 315 கிலோமீற்றர் என அன்று விளம்பரப்படுத்தப்பட்டது. மேற்கூறிய கடுங்கணக்குக்கு உட்படுத்தின் மன்னாருக்கும் மடுவுக்கும் உரிய கார் அது, வவுனியாவுக்கு உரியதன்று.

விலை குறைவு என்று பலரை ஈர்ப்பது பழைய நிசான் லீஃப் ஆகும். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் தீர்வை குறைந்திருந்தமையால் இக்கார்கள் பெருந்தொகையாக இலங்கைக்கு வந்தன. இதனைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். ஏனெனில் ஏமாற்றம் அடைவோர் பெரும்பாலும் இங்கேதான் அடைகின்றனர். லீஃபின் மின்கல அடுக்கைக் குளிர்விக்க நீரோ வேறு திரவமோ இல்லை. பெட்டியைத் தீண்டும் வெளிக்காற்றே அதற்குத் துணை. இலிதியம் மின்கலத்தின் உள்ளே வேண்டாத இரசாயனத் தாக்கங்கள் எப்பொழுதும் மெதுவாக நடந்துகொண்டேயிருப்பன. வெப்பநிலை பத்துப் பாகை உயர அவற்றின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது இரசாயன மாணவர் அறிந்த பொது விதி. ஓடாமல் நிற்கும் காரிலும் இது நிகழும். 2012 இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் வாழ்ந்த லீஃப் உரிமையாளர், இரண்டாண்டும் நிரம்பாத தம் கார்களின் தூரம் சுருங்கியதென முறையிட்டனர். அதன் பின்னரே நிசான் மின்கலக் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் வழங்கிற்று. 2015 மாதிரி முதல் வெப்பத்தை மேலும் தாங்கும் இரசாயன அமைப்பையும் பயன்படுத்திற்று. 2025 இல் அறிவிக்கப்பட்ட மூன்றாந் தலைமுறை லீஃபிலேயே திரவக் குளிர்ப்பு இடம்பெற்றது.

மன்னார் அரிசோனா அன்று. ஆயினும் இரவிலும் குளிராத நாடு இது. பத்தாண்டு கண்ட 24 கிலோவாற்றுமணி லீஃப் ஒன்று தன் கொள்ளளவில் நூற்றுக்கு முப்பதை இழந்ததெனக் கொள்வோம். அமெரிக்க மதிப்பான 117 கிலோமீற்றர் 82 ஆகும். கைக்காவல் ஒதுக்கினால் 70. வவுனியாவுக்கு ஒருவழி செல்லவும் அது உதவாது. மின்னேற்றிய உடன் கருவிப்பலகையில் தோன்றும் தூரத்தை விற்பவர் காட்டுவார், அதனை நம்பலாகாது. அது கார் அண்மையில் ஓடிய முறையைக் கொண்டு செய்யும் ஊகமே. பார்க்கவேண்டியது அதன் அருகிலுள்ள பன்னிரண்டு சிறு கட்டங்களை. முதற்கட்டம் அணைந்தால் நூற்றுக்குப் பதினைந்தளவு போய்விட்டது என்பது பொருள். அதன்பின் அணையும் ஒவ்வொன்றும் ஆறுக்குச் சற்று மேல். எட்டுக் கட்டம் எஞ்சிய காரில் மூன்றிலொரு பங்கு இல்லை. 40 கிலோவாற்றுமணி கொண்ட 2017 க்குப் பிந்திய லீஃப் இதனின் மேலானது. புதிதாயின் கணக்கின்படி 195 கிலோமீற்றர் தரும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தபின் 156 ஆகும். அதுவும் வவுனியாக் காரன்று. மின்கலத்தை மாற்றிக்கொள்ளலாமே எனின், மாற்றும் செலவையும் சேர்த்த பின்னரே விலை மலிவா என்று கூறுதல் முறை.

புதிய சீனக் கார்கள் பலவற்றில் நிக்கலும் கோபாற்றும் இல்லாத இலிதிய இரும்புப் பொசுபேற்று மின்கலம் பயன்படுகின்றது. 1990 களின் நடுவில் குட்இனஃபின் ஆய்வுகூடத்திலேயே இப்பொருளின் பயன் கண்டறியப்பட்டது. ஒரே சத்திக்கு இது பாரம் கூடியது. ஆனால் வெப்பத்துக்கு எளிதில் நிலைகுலையாதது, பன்முறை நிரப்பி வெறுமையாக்கினும் மெதுவாகவே தேய்வது. அற்றோ 3 இல் இதனுடன் குளிர்ப்பு அமைப்பும் உண்டு. எனினும் தேய்வு இல்லாததன்று. பெரிய அற்றோ 3 ஆண்டுகள் பல சென்று நூற்றுக்குப் பதினைந்து இழப்பின் 300 கிலோமீற்றர் 255 ஆகிவிடும். அன்று யாழ்ப்பாணம் போய் மீள இடையில் ஏற்றவேண்டிவரும். எந்தக் காராயினும் நண்பகல் வெயிலில் மணல்மேல் நிறுத்தாது ஓலைக்கொட்டிலின் கீழ் நிறுத்துவது, விற்பனையாளர் கூறாத, செலவு மிகக் குறைந்த மின்கலப் பாதுகாப்பாகும்.

காரைத் தேர்ந்தபின் வீட்டின் மின்னிணைப்பை நினைப்பவர் பலர். முன்னரே நினைத்தல் வேண்டும். பொதுவாக வீடுகளுக்கு உள்ளது ஒருதறுவாய் 30 அம்பியர் இணைப்பு. 230 வோல்ற்றில் அது தரக்கூடியது 6.9 கிலோவாற்று. விற்பனையாளர் தரும் சுவர் மின்னேற்றி பெரும்பாலும் 7 கிலோவாற்று வகையினது. அஃது ஒன்றே வீட்டின் முழு இணைப்பையும் விழுங்கும்; நீரிறைக்கும் மோட்டாரையோ மின்னழுத்தியையோ அவ்வேளை இயக்கினால் ஆழி விழுந்து வீடு இருளும். மூன்றுதறுவாய் இணைப்புப் பெறுதல் ஒரு வழி. மின்னேற்றியைப் பாதி ஓட்டத்துக்குக் குறைத்தல் மற்றொரு வழி. சாதாரண செருகியில் 2 கிலோவாற்றளவில் ஏற்றலும் ஆகும். நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடுபவர்க்கு ஆறேழு அலகே தேவை. நான்கு மணி நேரத்தில் அது நிரம்பும். ஆனால் வெறுமையான 50 அலகு மின்கலத்தை அவ்வாறு நிரப்ப ஒரு நாளுக்கு மேல் வேண்டும். கடற்காற்றில் துருவேறிய பழைய வட்டத்துளைச் செருகியில் நான்கு மணி நேரம் தொடர்ந்து ஏற்றுவது தீயை அழைப்பதாகும். தனிக் கம்பி, தனி ஆழி, நல்ல நிலத்தொடுப்பு ஆகியன இன்றித் தொடங்கலாகாது.

செலவுக் கணக்கிலும் ஒரு மறைவு உண்டு. மாதம் 1000 கிலோமீற்றர் ஓட, ஏற்றும்போது இழப்பதையும் சேர்த்து, ஏறத்தாழ 170 அலகு செலவாகும். இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 அலகுக்கு மேற்பட்டது உச்சப்படி. மாதம் 90 அலகு செலவிட்ட வீடு, கார் வந்தபின் 260 அலகுக்குச் சென்று அப்படியில் ஏறும். ஆதலின் காரின் செலவு 170 அலகின் சராசரி விலையன்று. இரு பட்டியல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே. அதனை, லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பெற்றோற் காருக்கு வேண்டும் 83 லீற்றரின் விலையோடு ஒப்பிடுக. நேரத்துக்கேற்ற கட்டணத்தைத் தெரிந்துகொள்வோர்க்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு; மாலை 6.30 முதல் 10.30 வரை ஏற்றுவதே கேடு. கூரையில் சூரியப் படலம் அமைத்தவர்க்குக் கணக்கு முற்றிலும் மாறும். மழை குறைந்த மன்னாருக்கு அதனினும் பொருத்தமானது வேறில்லை.

செருகி வகையையும் ஒரு சொல்லால் நினைவூட்டல் தகும். விரைவு மின்னேற்றத்துக்கு யப்பானியக் காருக்கு ஒரு வகை, ஐரோப்பிய முறைக்கு இன்னொரு வகை, சீன உள்நாட்டுக் காருக்கு மூன்றாம் வகை என வாய்கள் வேறுபடுகின்றன. சீனாவிலிருந்து நேரே தருவித்த காரை மலிவென்று வாங்கியவர், நிலையத்தில் கம்பியைக் கையிற் பிடித்துக்கொண்டு பொருந்தாமையைக் காணக்கூடும். உத்தரவாதம் எவர் தருவது, பழுது பார்ப்பவர் எங்கே உள்ளார் என்பனவும் இதனோடு சேர்ந்தவை. காரை இழுவண்டியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவதாயின் அது 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம்.

பெற்றோல் வரிசையிலிருந்து தப்ப மின்காரை நாடுவோர் 2022 மார்ச்சு இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததையும் நினைத்தல் வேண்டும். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உபமின்னிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுதும் இருண்டதென அறிவிக்கப்பட்டது. பேசாலைக் கூரையிலிருந்து நோக்கின் காற்றாலைகள் சுழல்வது தெரியலாம். ஆயினும் அம்மின் நாட்டின் பொதுவலையிற் கலந்து, நுரைச்சோலை நிலக்கரி மின்னுடனும் மலைநாட்டு நீர்மின்னுடனும் சேர்ந்தே வீட்டுக்கு வருகின்றது. வலை அறுந்தால் காற்றாலை அருகிலிருந்தும் பயனில்லை. அற்றோ 3 போன்ற சில கார்கள் தம் மின்கலத்திலிருந்து 3 கிலோவாற்றளவு மின்னை வெளியே தரவல்லன. விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று நாளேனும் அது போதும். ஆனால் அவ்வாறு வீட்டுக்குக் கொடுத்த ஒவ்வோர் அலகும் யாழ்ப்பாண வழியில் ஆறேழு கிலோமீற்றரைக் குறைக்கும் என்பதால், புயற்காலத்தில் எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு வைத்திருப்பது என்பதை அவ்வீட்டில் நோயாளர் உளரா என்பதைப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும்.